பதினோராம் கட்டத்தில் ‘பெயரன்’ என்று எழுதியது தொடர்பாக

அனுப்புநர்:
மனுதாரர், கோப்பு எண் பா.வ. 4417
(பெயர் கோப்பில் உள்ளபடி, இங்கே எழுதாததன் காரணம் பத்தி 4-இல்)
அறை 31, மூன்றாம் மாடி,
பழைய அச்சகக் கட்டடம், ஆற்றோரச் சாலை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
குடியுரிமைப் பதிவு இயக்ககம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பாட்டனார் பிறந்த இடத்தின் வழியே குடியுரிமை கோரியது – பாட்டனாரின் பிறந்த தேதியுடன் எனக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது – அதனால் என் மகளின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – திருத்தம் வேண்டுதல் – 6.3.2024 அமர்வில் எடுத்துக்கொள்ள வேண்டுதல்.

பார்வை:
1. எனது விண்ணப்பம், நாள் 20.6.2022.
2. எனக்கு வழங்கப்பட்ட குடியுரிமைச் சான்றிதழ், நாள் 29.1.2024.
3. என் மகளுக்கு அனுப்பப்பட்ட நிராகரிப்புக் கடிதம், நாள் 29.1.2024.
4. தங்கள் தகவல் பிரிவு வழங்கிய கணினிப் பதிவுத்தாளின் நகல், நாள் 7.2.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் இயக்ககம் 29.1.2024 அன்று வழங்கிய குடியுரிமைச் சான்றிதழின்படி எனக்கு இப்போது வயது நூற்று நான்கு. சான்றிதழ் 2.2.2024 வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. என் மனைவி கையொப்பமிட்டு வாங்கினார். அதில் பெயர் சரி, தந்தை பெயர் சரி, முகவரி சரி, ஒட்டியிருக்கும் படமும் என்னுடையதே. பிறந்த தேதி மட்டும் 3.7.1919 என்று இருக்கிறது. அது என் பாட்டனார் பிறந்த தேதி. அவர் 1981-இல் காலமானார். நான் பிறந்தது 14.9.1972.

2. அதே உறையில் என் மகளின் பெயருக்கு இன்னொரு கடிதம் இருந்தது. என் விண்ணப்பத்துடன் இணைத்துக் கொடுத்திருந்த அவளுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக அதில் கண்டிருந்தது. காரணம் இரண்டே வரி. அவற்றை அப்படியே தருகிறேன்: “விண்ணப்பதாரர் பிறந்தபோது தந்தை எனக் கூறப்படுபவரின் வயது எண்பத்தாறு. எனவே உறவை மெய்யெனக் கொள்ளப் போதிய முகாந்திரம் இல்லை.” கணக்கில் பிழையில்லை. 1919-இல் பிறந்தவருக்கு 2006-இல் எண்பத்தாறு வயதுதான். பிழை கணக்கு தொடங்கிய இடத்தில் இருக்கிறது.

‘தந்தை எனக் கூறப்படுபவர்’ என்ற தொடரைப் பற்றி நான் குறைகூற இயலாது. ஒரு நாளிதழில் இருபத்தேழு ஆண்டுகள் நீதிமன்றச் செய்திகள் எழுதினேன். மெய்ப்பிக்கப்படாத எதையும் ‘எனக் கூறப்படும்’ என்று எழுத வேண்டும் என்பது அங்கே விதி. திருடியதாகக் கூறப்படுபவர், கையெழுத்திட்டதாகக் கூறப்படுபவர் என்று ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன். அந்தச் சொல் எழுதப்பட்டவரின் வீட்டில் எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்ததில்லை. என் மகள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து, வந்த மடிப்பிலேயே, உறைக்குள் வைத்துவிட்டாள்.

3. இதில் அவசரம் என்ன என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். பாட்டனார் அல்லது பாட்டியார் இந்நாட்டில் பிறந்திருந்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் குடியுரிமை கோரலாம் என்ற விதி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்படிக் குடியுரிமை பெறுபவரின் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கும் அதே ஆணையில் குடியுரிமை உண்டு. பதினெட்டு நிறைந்தவர்களுக்கு இல்லை. பூட்டனார் வழியாகக் கோர விதியில் இடமில்லை. என் மகள் பிறந்தது 21.3.2006. இந்நகரின் பொது மருத்துவமனையில் பிறந்தாள். இந்த ஊரை விட்டு அவள் வெளியே போனது பள்ளிச் சுற்றுலாவில் மூன்று நாள். பாட்டனார் காலம் போல அன்றி, இப்போது இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது என்பது வேறு விதி. அதை நான் கேள்வி கேட்கவில்லை. அவளுடைய தங்கும் அனுமதி அட்டை என் பெயரின் கீழ் உள்ளது. அது பதினெட்டு நிறையும் நாளோடு முடிகிறது. என் மனைவியின் அட்டை மருத்துவமனைச் சலவைப் பிரிவின் வேலை அனுமதி. அதில் பிள்ளைகளைச் சேர்க்க இடமில்லை. பாட்டனார் பிழைக்கப் போய்த் தங்கிய, நான் பிறந்த நாடு, அங்கே பிறந்த எங்களை 1975-இல் குடிமக்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே 22.3.2024 அன்று காலை என் மகள் இங்கிருந்து போக வேண்டியவள் ஆகிறாள். எங்கே போக வேண்டும் என்ற கட்டத்தில் நிரப்ப எங்களிடம் எந்த நாட்டின் பெயரும் இல்லை.

4. பிழை எப்படி நேர்ந்தது என்பதற்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் மூத்த மகனுக்குப் பாட்டனாரின் பெயரை வைப்பது வழக்கம். என் பாட்டனாரின் பெயர்தான் எனக்கு. என் பாட்டனாருடைய தந்தையின் பெயர்தான் என் தந்தைக்கு. ஆகையால் ‘பெயர்’, ‘தந்தை பெயர்’ என்னும் இரண்டு கட்டங்களிலும் பாட்டனாருக்கும் எனக்கும் ஓர் எழுத்துக்கூட வேறுபாடில்லை. முன்னெழுத்தும் ஒன்றே. வீட்டில் இதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. அவர் ‘பெரியவர்’, நான் ‘குட்டி’. ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்ப வேண்டும் என்பது குரலிலேயே தெரியும் என்று என் தந்தை சொல்வார். என் பெயரை இந்த மனுவில் எழுதினால் கணினி எங்கள் இருவரையும் மறுபடி ஒருவராக்கிவிடும் என்று தங்கள் நான்காம் முகப்பில் சொன்னார்கள். கோப்பு எண்ணை மட்டும் எழுதச் சொன்னதும் அவர்களே.

5. ஒரே பெயர் என்பது மட்டும் இந்தப் பிழைக்குப் போதாது. விண்ணப்பத்தின் பதினோராம் கட்டத்தில் ‘இந்நாட்டில் பிறந்தவருக்கும் உமக்கும் உள்ள உறவு’ என்று கேட்கப்பட்டிருக்கிறது. அதில் நான் ‘பெயரன்’ என்று எழுதினேன். தகவல் பிரிவிலிருந்து நான் பெற்ற பதிவுத்தாள் நகலின்படி (பார்வை 4), கணினியில் அந்தக் கட்டத்துக்கு ஐந்து விடைகளே உள்ளன: மகன், மகள், பேரன், பேத்தி, தானே. ‘பெயரன்’ அதில் இல்லை. தட்டச்சு செய்தவர் ‘தானே’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அருகே உள்ள குறிப்புப் பகுதியில் அவர் எழுதியிருப்பது: “பெயரன் என உள்ளது. பெயர் ஒன்றே. தந்தை பெயர் ஒன்றே. பெயருக்குரியவர் இவரே எனக் கொள்ளப்பட்டது.”

அவர் சோம்பலாக வேலை செய்தவர் அல்ல என்பதற்கு அந்தக் குறிப்பே சான்று. தெரியாத சொல்லைக் கண்டு, இரண்டு கட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து, காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். முடிவு மட்டும் தவறிவிட்டது. அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘தானே’ என்று பதிந்த உடனே என் கோப்பு, பேரப்பிள்ளைகளின் வரிசையிலிருந்து இந்நாட்டில் பிறந்தோர் வரிசைக்கு மாறியது. முதல் வரிசையில் பதினெட்டு மாதம் அசையாதிருந்த கோப்பு இரண்டாம் வரிசையில் இருபது நாளில் முடிந்தது. ஜனவரி நடுவில் ‘பரிசீலனை முடிந்தது’ என்ற குறுஞ்செய்தி வந்தபோது நாங்கள் மூவரும் மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

6. எல்லோரும் எழுதுவது போல ‘பேரன்’ என்று ஏன் எழுதவில்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். அந்தத் தவறு என்னுடையது. நான் வேலை பார்த்த நாளிதழின் தலைமைத் துணையாசிரியர், விடுபட்ட ஒற்றெழுத்துகளைத் தேடிப் பிடிப்பதிலேயே பிறவி எடுத்தவர் போல இருந்ததால் அவருக்கு ‘ஒற்று’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘ஒற்று சார்’ என்றுதான் அழைப்போம், அவரும் மறுத்ததில்லை. எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று அவர் ஒரு பட்டியல் தட்டச்சு செய்து ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒட்டியிருந்தார். அதில் ஒன்று, பேரன் என்று எழுதாமல் பெயரன் என்று எழுத வேண்டும் என்பது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பேச்சில் தேய்ந்துதான் பேரன் ஆனான் என்பது அவர் விளக்கம். நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சொத்து வழக்குச் செய்தியில் ‘பேரன்’ என்று ஒன்பது இடத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதையும் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு என் கை தானாகவே ‘பெயரன்’ என்று எழுதும். 20.6.2022 அன்று தங்கள் அலுவலக மேசையருகே நின்றபடி பதினோராம் கட்டத்தை நிரப்பியதும் அந்தக் கைதான்.

பதிவுத்தாள் கையில் கிடைத்த அன்று அவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. முழுவதும் கேட்டார். எழுத்தில் பிழையில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் என்ன என்றார். மகளின் தேதியைச் சொன்னேன். பிறகு, “பேரன்னே எழுதிக் குடுத்துருப்பா” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

7. 5.2.2024 திங்கட்கிழமை சான்றிதழுடன் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரிசை எண் 118. நான்காம் முகப்பில், வலது மணிக்கட்டில் பட்டை அணிந்த எழுத்தர் அம்மையார் இருந்தார். சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நூத்தி நாலு வயசுக்கு நல்லாத்தான் இருக்கீங்க சார்” என்றார். கேலியாக அல்ல, அன்று காலை முதல் அவர் சந்தித்த நூற்றுப் பதினேழு பேருக்குப் பிறகு அவரிடம் மிச்சமிருந்த சிரிப்பு அது. நான் பெயர் விவகாரத்தை விளக்கத் தொடங்கியதும் பாதியிலேயே கையமர்த்தினார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். அண்ணனுக்குத் தாத்தா பெயர். பாட்டி கணவர் பெயரைச் சொல்லமாட்டார் என்பதால் அண்ணனை இருபது வருடம் ‘இவனே’ என்றுதான் கூப்பிட்டாராம். பிறகு கணினியின் பக்கவாட்டைத் தட்டி, “எனக்குப் புரியுது சார். இதுக்குப் புரியல” என்றார்.

திருத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் குறிப்பேட்டில் உள்ளபடி: “கிடைச்சதை வச்சுக்குங்க சார். திருத்தம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா முதல்ல இதை வாங்கி உள்ள வச்சிருவாங்க. திரும்ப எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. உங்க பழைய அட்டையும் இப்ப செல்லாது, தெரியும்ல?” தெரியும். சான்றிதழ் வழங்கப்பட்ட அன்றே என் தங்கும் அனுமதி அட்டை ரத்தாகிவிட்டது. சான்றிதழைக் கொடுத்துவிட்டால் என் கையில் ஒன்றும் இருக்காது. அந்த அம்மையார் விதியையும் மீறவில்லை, என்னையும் ஏமாற்றவில்லை. உள்ளதைச் சொன்னார்.

8. 7.2.2024 புதன்கிழமை பதிவுத்தாள் நகலைப் பெற வந்தபோது தங்கள் அலுவலர் ஒருவர் என்னைத் தம் மேசைக்கு அழைத்து உட்காரவைத்தார். அவர் எந்தப் பிரிவு, எந்த மாடி என்பதைத் தெரிவிக்கமாட்டேன். செய்தி தந்தவரைக் காட்டிக் கொடுப்பதில்லை என்பது என் பழைய தொழிலின் ஒழுக்கம். அதோடு அவர் உதவ நினைத்துத்தான் பேசினார். கோப்பு முழுவதையும் படித்திருந்தார். மகளின் தேதியைத் தாளின் ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தார். திருத்தம் போனால் மார்ச்சுக்குள் திரும்பாது என்று அவர் கருதினார். பிறகு ஒரு வழி சொன்னார். “அப்பான்னு போட்டா வயசு இடிக்குது. தாத்தான்னு போட்டுருங்க. நூத்தி நாலு வயசுக்காரருக்குப் பதினேழு வயசுப் பேத்தி, கணினி ஒரு வார்த்தை பேசாது. பதினஞ்சு நாள்ல முடிஞ்சிரும்.”

அதாவது, என் மகள் என்னுடைய பேத்தி என்று புதிய விண்ணப்பம். தந்தை என்ற கட்டத்தில் காலஞ்சென்ற என் தந்தையின் பெயர். நான் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். படிவத்தை எடுத்துக் கொடுத்தார். எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் மூன்று சிறு பெருக்கல் குறிகளும் போட்டுக் கொடுத்தார்.

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

9. அந்தப் படிவம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புதன் மாலை முதல் ஞாயிறு வரை இருந்தது. எங்களுக்கு ஒரே மேசை. சாப்பிடும்போது அதை ஜன்னல் விளிம்புக்கு மாற்றுவோம், முடிந்ததும் மறுபடி மேசைக்கு வரும். என் மனைவி முதல் நாள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். “உலகமே பேரன்னு எழுதுது. உங்களுக்கு மட்டும் பெயரன். இப்பப் பாருங்க, உங்க தாத்தாவுக்கு நான் பொண்டாட்டியாயிட்டேன்” என்றார். அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம். வெள்ளிக்கிழமை அவர் சிரிக்கவில்லை. சலவைப் பிரிவிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னார்: “கையெழுத்துப் போட்டுருங்க. அவ இங்க இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.” முப்பது வருடங்களில் அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

நான் பேனாவை எடுத்தேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் பெருக்கல் குறியின் மேல் பேனா முனை பட்ட புள்ளி படிவத்தில் இருக்கிறது. தாங்கள் பார்க்கலாம், இணைத்திருக்கிறேன்.

என் மகள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். அவள் எதையும் வாய்க்குள்ளேயே வாசித்து முடித்துவிட்டுத்தான் பேசுவாள். இனிமேல் தாத்தா என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டாள். வெளியாட்கள் முன்னால் மட்டும் என்று என் மனைவி சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். பள்ளி மாற்றுச் சான்றிதழில், வேலைக்கான விண்ணப்பத்தில், திருமணப் பதிவில், அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதன் பதிவில் என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு போனேன். பிறகு அவள் ஆறாம் கட்டத்தில் விரலை வைத்து, “இதுல உங்க அப்பா பேரைப் போட்டா, உங்களை எங்கப்பா எழுதறது?” என்றாள்.

படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை. நான் பேனாவை மூடினேன்.

10. உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுத்ததாகத் தாங்கள் எண்ணக்கூடாது என்பதால் மற்றொரு காரணத்தையும் பதிவு செய்கிறேன். பொய்யான உறுதிமொழியால் பெற்ற குடியுரிமையை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதற்குக் கால வரம்பு இல்லை. அப்படிப்பட்ட மூன்று வழக்குகளின் தீர்ப்பு நாளில் நான் நீதிமன்றத்தில் இருந்திருக்கிறேன். ஒன்றில், ரத்தானவருக்கு வயது முப்பத்தெட்டு. பொய் சொன்ன தகப்பனார் அதற்குள் காலமாகியிருந்தார். நீதிபதி அனுதாபம் தெரிவித்துவிட்டு ரத்து செய்தார். செய்தியை நாற்பது வரியில் எழுதிக் கொடுத்தேன், இருபதாகக் குறைத்துப் போட்டார்கள். என் மகளை அந்தக் கூண்டில் நிற்க வைக்க நான் ஆயத்தமாக இல்லை. என் மனைவிக்கு இதைச் சொன்னேன். இந்த மனுவை நான் எழுதும்போது அவர் எதிரே உட்கார்ந்து இணைப்புகளை வரிசைப்படுத்தித் தருகிறார்.

11. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து:

(அ) என் பதிவில் உறவு என்ற கட்டத்தில் ‘தானே’ என்பதை நீக்கி, ‘பேரன்’ என்று திருத்த வேண்டும். பட்டியலில் ‘பெயரன்’ என்ற சொல்லைப் புதிதாகச் சேர்க்கும்படி நான் கோரவில்லை. பதினோராம் கட்டத்தைத் திருத்தி எழுதிய பக்கத்தை இணைத்திருக்கிறேன். அதில் பேரன் என்றே எழுதியிருக்கிறேன்.

(ஆ) பிறந்த தேதியை 14.9.1972 என்று திருத்தி, இந்நாட்டில் பிறந்தவருடைய பேரன் என்ற முறையிலேயே சான்றிதழை மறுபடி வழங்க வேண்டும். இந்நாட்டில் பிறந்தவன் என்ற சலுகை எனக்கு வேண்டாம், அது எனக்குரியதன்று.

(இ) என் மகளின் விண்ணப்பத்தைப் புதிய விண்ணப்பமாகக் கொள்ளாமல், 20.6.2022 என்ற முதல் தேதியிலேயே உயிர்ப்பித்து, என் ஆணையுடன் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். அன்று அவளுக்குப் பதினாறு வயது மூன்று மாதம்.

பாட்டனாரும் நானும் வேறு வேறு மனிதர்கள் என்பதற்கு: 1919-ஆம் ஆண்டு இந்நகரின் மூன்றாம் வட்டப் பிறப்புப் பதிவேட்டில் 212-ஆம் வரிசையின் நகல் (தந்தை தொழில்: கப்பல் பட்டறைத் தச்சர்), பாட்டனாரின் இறப்புச் சான்று, 1981, என் தந்தையின் பிறப்பு, இறப்புச் சான்றுகள், 1945, 2011, என் பிறப்புச் சான்று, பாட்டனாரும் நானும் ஒரே படத்தில் நிற்கும் ஒரு புகைப்படம். கடைசியாகச் சொன்னது சட்டப்படி சான்றாகாது என்று அறிவேன். அதில் நான் அவர் இடுப்பளவு இருக்கிறேன். இருவரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தோம் என்பதற்கு என்னிடம் உள்ளது அது ஒன்றே என்பதால் சேர்த்திருக்கிறேன்.

12. சான்றிதழை இந்த மனுவுடன் தங்களிடம் ஒப்படைக்கிறேன். ஒப்படைத்தால்தான் திருத்தக் கோரிக்கை பதிவாகும் என்பது விதி எண் 19. நாளை முதல் திருத்தம் வரும்வரை இந்நாட்டில் நான் தங்குவதற்கு என்னிடம் எந்தத் தாளும் இருக்காது. தெருவில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு, இந்த மனுவைப் பெற்றுக்கொண்டதாகத் தங்கள் அலுவலகம் தரும் ஒப்புகைச் சீட்டு ஒன்றுதான் இருக்கும். அதில் முத்திரை தெளிவாக விழும்படி பார்த்துக்கொள்ளுமாறு முகப்பில் இருப்பவர்களுக்குத் தாங்கள் ஒரு சொல் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

13. இன்றுவரை உறுதியாகத் தெரிந்தவை இவை. பிழைத்திருத்தக் குழு மாதத்தின் முதல் புதன்கிழமை கூடுகிறது. அடுத்த அமர்வு 6.3.2024 காலை பத்து மணி, இரண்டாம் மாடிக் கூட்ட அறை. இது தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் 1.2.2024 அன்று ஒட்டப்பட்ட தாளில் உள்ளது. அந்த அமர்வுக்கான பட்டியல் 20.2.2024 மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். இது நான்காம் முகப்பில் வாய்மொழியாகத் தெரிந்துகொண்டது, எழுத்தில் இல்லை. என் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைவது 21.3.2024 வியாழக்கிழமை. அதற்கடுத்த அமர்வு 3.4.2024.

பட்டியலில் என் கோப்பு சேர்க்கப்பட்டதா என்பதை அறிய 20.2.2024 மாலை நான்கு மணி முதல் தங்கள் அலுவலக வரவேற்பறையில் காத்திருப்பேன்.

இணைப்பு: அசல் சான்றிதழ் ஒன்று, கையொப்பமிடாத படிவம் ஒன்று, திருத்திய பக்கம் ஒன்று, சான்று நகல்கள் ஐந்து, பதிவுத்தாள் நகல், புகைப்படம்.

இடம்: ஆற்றோரச் சாலை
நாள்: 12.2.2024

தங்கள் கவனத்தை நாடும்,
(கையொப்பம்)
மனுதாரர், கோப்பு எண் பா.வ. 4417

(கையொப்பம்)
மனுதாரரின் மகள், இணை விண்ணப்பதாரர்